பாப் டெஸ்ட் தந்த பாப்பநிக்கொலாவ்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே இரண்டு நிபந்தனை போட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி வேண்டிய அளவு வந்தாச்சு, அது வேண்டாம். கலாம், சுஜாதா இருவரைப் பற்றியும் சீனியர்கள் எழுதுகிறார்கள், அதுவும் வேண்டாம். சரி, நம்ம எம்.ஐ.டி. ஆட்கள் யாருமே எழுத மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் இன்ஜினியர் இல்லை. குரோம்பேட்டைப் பக்கமே வந்ததில்லை. ஆனால் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள லேப் எதிலாவது நுழைந்து கட்டண அட்டையைப் பாருங்கள். அவருடைய பெயரின் முதல் துண்டு அதில் இருக்கும். பாப் ஸ்மியர்.

இந்தப் பாப்புக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஜார்ஜ் நிக்கோலஸ் பாப்பநிக்கொலாவ் என்ற கிரேக்க டாக்டரின் பெயரைத்தான் வாய்க்கு வசதியாக வெட்டிவிட்டார்கள். நான் படித்தது இன்ஸ்ட்ருமெண்டேஷன் என்பதால் எனக்கு அவரை மருத்துவராகப் பார்ப்பதைவிட ஓர் அளவுகருவியை உருவாக்கியவராகப் பார்ப்பதுதான் சுலபமாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கிளினிக்கும் பிள்ளையின் ஆசையும்

எவியா என்ற கிரேக்கத் தீவில் கிமி என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1883 மே 13-ஆம் தேதி பிறந்தார். அப்பா ஊரின் டாக்டர், மேயராகவும் இருந்தவர். அப்புறம் நடந்தது நம்ம ஊர்க் கதைதான். டாக்டர் பிள்ளை டாக்டராகணும் என்று ஏதென்ஸுக்கு அனுப்பினார்கள். 1904-ல் பட்டம் வாங்கியாச்சு. ஊரோடு வந்து பிராக்டிஸைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அப்பாவின் எண்ணம். பிள்ளைக்கோ ஆராய்ச்சியில் ஆசை. கடைசியில் 1907-ல் ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார். யேனா, ஃப்ரைபுர்க் என்று சுற்றி, 1910-ல் மியூனிக்கில் டாக்டரேட் வாங்கினார். தாஃப்னியா என்ற, குளத்தில் வாழும் துளியூண்டு உயிரில் ஆண், பெண் என்ற வேறுபாடு எப்படி உண்டாகிறது என்பதுதான் ஆராய்ச்சிப் பொருள். இதனால் என்ன பிரயோஜனம் என்று அப்பா கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது.

அதே 1910-ல் கல்யாணம். மனைவி ஆந்த்ரொமாகி, பின்னாளில் எல்லோருக்கும் மேரி. இந்தக் கட்டுரையில் பாதி அவருக்குத்தான் சேர வேண்டும்.

1912-ல் பால்கன் போர் வந்தது. பாப்பநிக்கொலாவ் ராணுவ டாக்டராகப் போனார். அமெரிக்காவிலிருந்து சண்டைக்கு வந்திருந்த கிரேக்கத் தொண்டர்கள் அந்த நாட்டில் இருக்கும் வாய்ப்புகளைப் பற்றிச் சொல்ல, 1913 அக்டோபரில் கணவனும் மனைவியும் நியூயார்க்கில் போய் இறங்கினார்கள். குடியேற்ற அதிகாரியிடம் காட்ட வேண்டிய 250 டாலருக்கு மேல் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. இங்கிலீஷும் தெரியாது. இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர் கிம்பெல்ஸ் என்ற பெரிய கடையில் தரைவிரிப்பு விற்கப் போனார். மேரி அங்கேயே பட்டன் தைத்தார். அவர் உணவு விடுதியில் வயலினும் வாசித்தார், கிரேக்கப் பத்திரிகை ஒன்றில் குமாஸ்தா வேலையும் பார்த்தார். வெளிநாட்டில் போய் முதல் வருஷம் பட்ட பாட்டை மறக்காத நம் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1914-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்றியல் துறையில் வேலை கிடைத்தது. மேரியும் அதே லேபில் உதவியாளராகச் சேர்ந்தார், சம்பளமில்லாமல்.

கினிப்பன்றி கற்றுக் கொடுத்த பாடம்

துறைத் தலைவர் சார்லஸ் ஸ்டாக்கார்டின் லேபில் கினிப்பன்றிகள் நிறைய இருந்தன. பாப்பநிக்கொலாவுக்கு வேண்டியது அவற்றின் கருமுட்டை, அதுவும் சினைப்பையிலிருந்து வெளியேறும் அந்தச் சரியான சமயத்தில். அந்தச் சமயம் எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. விலங்கைக் கொன்று திறந்துதான் பார்க்கணும். திறந்தபின் சமயம் தப்பிப்போயிருந்தால் மறுபடி இன்னொன்று.

இது எந்த இன்ஜினியருக்கும் பழக்கமான தலைவலி. உள்ளே நடப்பது தெரிய மெஷினைக் கழற்ற வேண்டியிருக்கிறது, கழற்றினால் ஓட்டம் நின்றுவிடுகிறது. கழற்றாமல் பார்க்க என்ன வழி? பெண் விலங்குகளுக்கு மாதாந்திரச் சுழற்சி போல ஏதாவது இருந்தால் அதன் சுவடு பிறப்புறுப்பின் கசிவில் தெரிய வேண்டும் என்று யோசித்தார். மூக்கைச் சோதிக்கும் சின்ன ஸ்பெகுலம் ஒன்றை வாங்கி, கினிப்பன்றியிடமிருந்து தினமும் துளி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் செல்களின் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஸ்டாக்கார்டும் அவரும் சேர்ந்து 1917-ல் வெளியிட்ட இந்தக் கட்டுரை, ஹார்மோன் ஆராய்ச்சி செய்த எல்லோருக்கும் கையில் ஒரு மீட்டர் கிடைத்த மாதிரி ஆயிற்று.

அடுத்து மனிதர்கள். யாரிடம் தினமும் போய்க் கேட்பது? மேரிதான். வருஷக்கணக்காக, ஏறக்குறைய இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் மாதிரி கொடுத்து வந்தார். காலையில் இருவரும் சேர்ந்து லேபுக்குப் போவது, பகலெல்லாம் மேரி ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவது, மாலையில் சேர்ந்து திரும்புவது. குழந்தைகள் இல்லை. உலகத்தில் கோடிக்கணக்கான பெண்கள் செய்துகொண்ட ஒரு பரிசோதனையை முதலில் இவ்வளவு நாள் தாங்கியவர் ஒரு டாக்டரின் மனைவி. ஆனால் கட்டுரைகளின் தலைப்பில் அவர் பெயர் இல்லை.

பதிமூன்று வருஷக் காத்திருப்பு

1925-லிருந்து மருத்துவமனைப் பெண்களின் ஸ்லைடுகளையும் வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தார். அவர் தேடியது மாதச் சுழற்சியைத்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணின் ஸ்லைடில் வேறு மாதிரி செல்கள் தென்பட்டன. கரு பெரிது, உருவம் கோணல், நிறம் கறுப்பு. கத்தியே படாமல், உதிர்ந்து விழுந்த செல்லிலேயே கேன்சர் தெரிகிறது!

1928 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகர மாநாட்டில் இதைச் சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ருமேனியாவின் ஆரெல் பாபேஷ் என்ற டாக்டர் தனியாகவே ஏறத்தாழ அதே சமயத்தில் இதைக் கண்டுபிடித்திருந்தார். அவர் பேச்சும் அப்போது எடுபடவில்லை. காரணம் பொறாமை இல்லை. அன்றைய நோய்க்குறியியல் நிபுணர்கள் திசுவை வெட்டி, அடுக்கு அடுக்காகப் பார்த்துப் பழகியவர்கள். தனிச் செல்லைக் காட்டிப் புற்றுநோய் என்றால், ரோட்டில் கிடக்கும் ஒரு செங்கல்லைக் காட்டி அந்தக் கட்டடம் விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்வது போல அவர்களுக்குப் பட்டது. பயாப்ஸி இருக்கும்போது இது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நோயே இல்லாத மாதிரி தெரியும் பெண்ணுக்கு யார் பயாப்ஸி செய்வார்கள் என்ற எதிர்க்கேள்வி அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அவர் சண்டை போடவில்லை, திரும்பப் போய் ஹார்மோன் வேலையைத் தொடர்ந்தார். 1939-ல் புதிதாக வந்த துறைத் தலைவர் ஜோசப் ஹின்ஸி, புற்றுநோய் வேலையை மறுபடி எடுக்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். மகப்பேறு டாக்டர் ஹெர்பர்ட் ட்ராட் துணைக்கு வந்தார். நியூயார்க் ஹாஸ்பிடலின் பெண்கள் பிரிவுக்கு வந்தவர்களிடம் வழக்கமாகவே ஸ்மியர் எடுத்தார்கள். 1941-ல் கட்டுரை, 1943-ல் புத்தகம். அந்தப் புத்தகத்துக்கு ஹஷிமே முராயாமா என்ற ஜப்பானிய ஓவியர் செல்களை வண்ணத்தில் வரைந்து கொடுத்தார்.

இதில் சாயம் முக்கியம். ஸ்லைடு காய்வதற்குள் ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். பிறகு ஹெமடாக்ஸிலின் கருவை நீலமாக்கும். மற்ற சாயங்கள் முதிர்ந்த செல்லை ஆரஞ்சாகவும் இளஞ்சிவப்பாகவும், முதிராத செல்லை நீலப்பச்சையாகவும் காட்டும். சாயம் செல்லுக்குள் ஊடுருவித் தெளிவாக இருப்பதால், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் செல்களையும் படிக்கலாம். நம்ம பாஷையில் சொன்னால், இரைச்சலைக் குறைத்து சிக்னலைக் கூட்டினார்.

ஆமாம், இல்லை என்ற இரண்டே பதிலோடும் நிறுத்தவில்லை. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு பிரித்தார். ஒன்று என்றால் சரியாக இருக்கிறது, ஐந்து என்றால் புற்றுநோய் நிச்சயம் போலிருக்கிறது, நடுவில் சந்தேகத்தின் பல படிகள். ஸ்மியர் சொல்வது எச்சரிக்கை, முடிவு பயாப்ஸியில்தான் என்பது இந்த முறையின் அடிப்படை. 1988-க்குப் பிறகு பெதஸ்டா முறை என்ற புதிய வகைப்பாடு அந்த ஐந்தின் இடத்தைப் பிடித்தது. சந்தேகத்துக்குத் தனி இடம் வைக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

கேன்சர் மாதிரி, ஆனால் கேன்சர் இல்லை

அந்த நடுப்படிகள் எதற்கு என்பதை எங்கள் வீட்டில் நேரிலேயே பார்த்தோம். செம்பாக்கத்தில் இருக்கும் என் அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அத்தைக்கு இரண்டு மூன்று மாதமாக வாயில் புண். ரசம் சாதம்கூட எரிச்சல். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, பல் டாக்டர் கொடுத்த ஜெல், மணத்தக்காளிக் கீரை எல்லாம் ஆச்சு. அப்புறம் வெள்ளைப்படுதல், லேசாக ரத்தக்கறை. மகப்பேறு டாக்டர் ஸ்மியர் எடுத்து அனுப்பினார். புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள செல்கள் தெரிகின்றன, பயாப்ஸி செய்யவும் என்று ரிசல்ட் வந்தது. மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் போன் பண்ணி அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்லவேளை, அந்த டாக்டர் அதே ஸ்லைடை வயதான செல்லியல் நிபுணர் ஒருவருக்கும் அனுப்பினார். அந்த அம்மா பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இவர்களுக்கு வாயிலோ தோலிலோ புண், கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று. ஸ்லைடோடு போன படிவத்தில் நோயாளியின் விவரம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. வாய்ப்புண்ணைப் பற்றி மகப்பேறு டாக்டரிடம் அத்தை சொல்லவே இல்லை. வாய்க்கும் கருப்பை வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று யார்தான் நினைப்பார்கள்?

சம்பந்தம் இருக்கிறது. பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்று ஓர் அரிய நோய். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கு வருவது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் வகை. தோலிலும் வாய், தொண்டை, பிறப்புறுப்பு ஆகியவற்றின் உள்தோலிலும் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. விமானத் தகடுகளை ரிவெட் பிடித்திருக்கிறதே, அது போல. அந்த ரிவெட்டில் டெஸ்மோக்ளீன் என்ற புரதம் இருக்கிறது. பெம்ஃபிகஸில் எதிர்ப்பொருள்கள் இந்தப் புரதத்தைத் தாக்குகின்றன. ரிவெட் விட்டதும் தகடு பிரிகிறது, கொப்புளம் வருகிறது, உடைந்து புண்ணாகிறது. பெரும்பாலும் முதலில் வாயில்தான் தொடங்கும். கருப்பை வாயிலும் அதே மாதிரி உள்தோல் என்பதால் அங்கேயும் வரலாம்.

பிடி விட்ட செல் தட்டையாக இருக்காது. உருண்டுவிடும். கரு பெரிதாகத் தெரியும், அதற்குள் நியூக்ளியோலஸ் பளிச்சென்று நிற்கும். அவசரத்தில் பார்த்தால் புற்றுநோய்ச் செல்லேதான். நிதானமாகப் பார்த்தால் வித்தியாசம் உண்டு. புற்றுநோயில் கருவின் ஓரம் கோணல்மாணலாக, உள்ளே மை கொட்டிய மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். பெம்ஃபிகஸில் ஓரம் வழவழவென்று, உள்ளே மெல்லிய ஒரே சீரான புள்ளிகள். செல்லுக்குச் செல் பெரிய பேதம் இருக்காது.

இந்த உருண்ட செல்லுக்கு ட்ஸாங்க் செல் என்று பெயர். பாரிஸின் அர்னோ ட்ஸாங்க், ரத்ததான முறையை பிரான்ஸில் வேரூன்றச் செய்தவர், பாப்பநிக்கொலாவைவிட மூன்று வயது சின்னவர். கொப்புளத்தின் அடியைச் சுரண்டி, ஸ்லைடில் தடவிப் பெம்ஃபிகஸைக் கண்டுபிடிக்கும் முறையை 1947-ல் எழுதினார். உதிர்ந்த செல்லைப் படிக்கும் ஒரே யோசனை, ஒருவர் கருப்பை வாயில் செய்தார், இன்னொருவர் தோலில் செய்தார். அத்தையின் ஸ்லைடில் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்லைடை வைத்து மட்டும் பெம்ஃபிகஸ் என்று முடிவு கட்டவும் கூடாது, கேன்சர் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியில் பார்த்துப் பயாப்ஸி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. வாய்ப்புண்ணுக்குப் பக்கத்திலிருந்து எடுத்த திசுவில் ஒளிரும் சாயச் சோதனை செய்ததில், செல்களின் இடைவெளியெல்லாம் மீன் வலை மாதிரி பச்சையாக ஒளிர்ந்தது. அந்த எதிர்ப்பொருளை 1964-ல் அமெரிக்காவின் பியூட்னரும் ஜோர்டனும் முதலில் காட்டியது இந்த வகைச் சோதனையால்தான். நோய் உறுதியாயிற்று.

கேன்சர் இல்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டது பாதி நியாயம்தான். 1950-களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருஷங்களில் இறந்துபோனார்கள். அத்தைக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் பிறகு ரிட்டுக்ஸிமாப் ஊசியும் கொடுத்தார்கள். இன்று வத்தக்குழம்பு சாப்பிடுகிறார். மருந்தும் செக்கப்பும் தொடர்கின்றன. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் இருந்திருந்தால், வாய்ப்புண்ணுக்கு இன்னும் எத்தனை மாதம் ஜெல் தடவிக்கொண்டிருப்போமோ தெரியாது.

கடைசி வருஷங்கள்

1954-ல் பாப்பநிக்கொலாவ் தன் பெரிய செல் அட்லஸை வெளியிட்டார். உடம்பின் பல உறுப்புகளிலிருந்து உதிரும் செல்களின் படங்களும் விளக்கமும் அதில் உண்டு. அதற்கு முன்பே 1950-ல் லாஸ்கர் விருது வந்திருந்தது. நோபல் வரவில்லை. விடுமுறை என்பதையே அறியாதவர். ஞாயிற்றுக்கிழமையும் ஸ்லைடுதான். 1961-ல், 78 வயதில், மயாமியில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்கப் போனார். சில மாதங்களில், 1962 பிப்ரவரி 19-ல் மாரடைப்பில் காலமானார். அந்த நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மேரி அவர் வேலையைத் தொடர உதவினார், 1982 வரை வாழ்ந்தார்.

அமெரிக்கா 1978-ல் தபால்தலை போட்டது. கிரேக்கம் 1995-ல் 10,000 டிராக்மா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. யூரோ வந்ததும் நோட்டு போய்விட்டது. அமெரிக்காவில் 1955-க்கும் 1992-க்கும் இடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பாப் டெஸ்ட் பரவலானதுதான் அதற்குப் பெரிய காரணம்.

நம்ம பக்கம்

அட்லஸ் வெளிவந்த அதே 1954-ல்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தன் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முப்பது வருஷம் விடாமல் முயன்றதன் பலன் அது. அங்கே 1980-களில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோது, பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய்தான். பிறகு மார்பகப் புற்றுநோய் முந்திக்கொண்டது.

பாப் டெஸ்டுக்கு மைக்ராஸ்கோப்பும் படித்த கண்ணும் வேண்டும். கிராமத்துக்கு அது எட்டாது. நீர்த்த அசிடிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தை வெறும் கண்ணால் பார்க்கும் முறையைத் திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகளைக் கொண்டு சோதித்தார்கள். இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வந்தது. இப்போது எச்.பி.வி. வைரஸ் சோதனையும் தடுப்பூசியும் வந்துவிட்டன. இத்தனையும் இருந்தும் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். பல வருஷம் முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய நோய் இது.

ஆகவே நண்பர்களே, ரீயூனியனுக்கு வரும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்களிடம், மனைவி, அக்கா, அண்ணி, அம்மா, அத்தை யாராக இருந்தாலும், இந்தச் சோதனை செய்துகொண்டாயா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல்கட்டச் சோதனை இலவசம். ஸ்மியர் கொடுக்கும்போது, சம்பந்தமில்லை என்று தோன்றினாலும் வாய்ப்புண், தோல் கொப்புளம், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், படிவத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரிசல்ட்டில் சந்தேகம் என்று வந்தால் பயந்து ஓடவும் வேண்டாம், அலட்சியமாக மடித்து பீரோவில் வைக்கவும் வேண்டாம். அடுத்த படிக்குப் போகச் சொல்லுங்கள்.

மற்றதை நேரில் பேசுவோம். குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடந்து வருபவர்கள் எனக்காகவும் ஒரு டீ சொல்லி வையுங்கள்.